ஒண்ணுதானா, வேறயா?

மருத்துவமனை நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். அந்த வருடங்களில் வார்டுகளிலிருந்து வந்த போன்களில் பாதிக்கு மேல் "கல்ச்சர் ரிப்போர்ட் வந்துடுச்சா?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்வது சுலபம். எப்போதாவது வேறொரு கேள்வி வரும். அது வந்தால் எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவோம். "சார், அந்த மூணு பேஷண்டுக்கும் வந்தது ஒண்ணுதானா, வேற வேறயா?"

மூன்று பேருக்கும் வந்தது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருப்போம். ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதில் பெரிய விஷயம் எதுவுமில்லை. அந்தப் பாக்டீரியா மூன்றில் ஒருவரின் மூக்குக்குள் எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கிறது. ஒரே தெருவில் மூன்று வீட்டில் திருட்டு போயிருக்கிறது, மூன்று திருடனுக்கும் பெயர் முருகன் என்று சொல்வது மாதிரிதான். மூன்று முருகனா, ஒரே முருகனா? மூன்று என்றால் நோயாளிகள் ஆளுக்கொரு கிருமியை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார்கள், தற்செயல். ஒன்று என்றால் வார்டுக்குள் ஏதோ ஒன்று கையோடு கையாக நடந்துகொண்டிருக்கிறது. வார்டை மூட வேண்டும், புது அட்மிஷனை நிறுத்த வேண்டும், யாருடைய கை, எந்தக் கருவி என்று தேட வேண்டும். அடுத்த கட்டிலில் படுத்திருப்பவரின் உயிர் அந்தப் பதிலில் இருக்கிறது. சில சமயம் ஒரு ஊழியரின் வேலையும் இருக்கிறது.

இந்தக் கேள்விக்குப் பதில் தேடும் கலைக்கு டைப்பிங் என்று பெயர். தட்டச்சு இல்லை, வகை பிரிப்பது. ஒரே இனத்துக்குள் எந்தக் குடும்பம், எந்தக் கிளை என்று பிரிப்பது. அது எப்படி வளர்ந்தது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

ஆரம்பத்தில் எங்களிடம் இருந்த ஒரே ஆயுதம் சென்சிடிவிட்டி பட்டியல். எந்த மருந்துக்குச் சாகிறது, எதற்குச் சாகவில்லை என்ற வரிசை. இரண்டு கிருமிகளின் வரிசை ஒன்றாக இருந்தால் ஒன்றாக இருக்கலாம் என்று சொல்வோம். அந்த 'லாம்' மிகப் பெரிய 'லாம்'. ஒரே மருத்துவமனையில் ஒரே மருந்துகளையே திரும்பத் திரும்பக் கொடுக்கும்போது, சம்பந்தமே இல்லாத கிருமிகளும் நாளடைவில் ஒரே வரிசைக்கு வந்து சேர்ந்துவிடும்.

அதைவிட நல்ல வழி ஒன்று டிஎன்ஏவுக்கு முன்பே இருந்தது. பாக்டீரியாவுக்கும் வைரஸ் தொற்று உண்டு. அந்த வைரஸ்களுக்கு ஃபேஜ் என்று பெயர், ஒவ்வொன்றும் சாப்பாட்டில் ரொம்பக் கறார். குறிப்பிட்ட சில பாக்டீரியாவை மட்டுமே தொடும். எண்ணிட்ட ஃபேஜ்களை வரிசையாக ஒரு தட்டில் சொட்டு சொட்டாக விட்டு, மறுநாள் எந்தச் சொட்டுக்கு அடியில் பாக்டீரியா அழிந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். அழிந்த எண்களின் பட்டியல்தான் அதன் வகை. 1950-களின் முற்பகுதியில் சிட்னியில் ஃபிலிஸ் ரவுன்ட்ரீ என்ற பெண் விஞ்ஞானி இந்த முறையை வைத்துத்தான் பிரசவ வார்டுகளில் பச்சிளம் குழந்தைகளைத் தாக்கிய ஒரு ஸ்டஃபைலோகாக்கஸைப் பிடித்தார். பழைய ஃபேஜ்கள் எதற்கும் மசியாத அதை அடையாளம் காட்டிய ஃபேஜுக்கு எண் 80. கனடாவில் அதே மாதிரி ஒன்றுக்கு 81 என்று எண் போட்டார்கள். பிறகு பார்த்தால் இரண்டும் ஒரே கிருமி. 80/81 என்ற அந்தப் பெயர் ஐம்பதுகளில் உலகம் முழுக்கப் பிரசவ ஆஸ்பத்திரிகளை நடுங்கவைத்தது. குழந்தைக்குக் கொப்புளம், தாய்க்கு மார்பில் சீழ்க்கட்டி, நர்ஸுக்குக் கட்டி, பென்சிலினுக்கு மசியாது. இத்தனைக்கும் அதைத் துரத்தியவர்களிடம் இருந்தது சொட்டு மருந்து மாதிரி ஒரு வரிசை மட்டும்தான். ஃபேஜ்களை உயிரோடு வளர்த்துப் பாதுகாக்க வேண்டும், எல்லா ஊரிலும் முடியாது. எந்த எண்ணிலும் அடங்காத கிருமிகள் வருடாவருடம் பெருகின. அந்த முறையின் காலம் அப்படித்தான் முடிந்தது.

டிஎன்ஏவை நேரடியாகப் பார்க்கலாம் என்ற எண்ணம் எழுபதுகளில் வந்தது. குறிப்பிட்ட எழுத்து வரிசையைக் கண்டால் மட்டும் வெட்டும் நொதிகள் அப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டிருந்தன. 1978-இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. கிருமியின் டிஎன்ஏவை இப்படி ஒரு கத்தரியால் வெட்டி, துண்டுகளை நீளவாரியாகப் பிரித்தால் பட்டை பட்டையாக ஒரு கோலம் வரும். ஒரே கிருமி என்றால் ஒரே கோலம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சாதாரணக் கத்தரி நூற்றுக்கணக்கான துண்டுகளாக வெட்டிவிடும். கோலம் தெரியாது, இழுத்துவிட்ட கறைதான் தெரியும். அபூர்வமாக வெட்டும் கத்தரியை எடுத்தால் இருபது துண்டுகூட வராது. எண்ண வசதிதான், ஆனால் ஒவ்வொரு துண்டும் லட்சக்கணக்கான எழுத்து நீளம். ஜெல்லுக்குள் அவ்வளவு நீளமான துண்டுகள் பாம்பு மாதிரி வளைந்து நுழைந்து எல்லாமே ஒரே வேகத்தில் போகும். பிரியவே பிரியாது.

1984-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஷ்வார்ட்ஸும் சார்ல்ஸ் கேன்ட்டரும் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மின்சாரத்தை ஒரே திசையில் விடாமல் சிறிது நேரத்துக்கு ஒருமுறை திசையை மாற்றுவது. இதை மாணவர்களுக்குச் சொல்லும்போது நான் தேரைத்தான் உதாரணம் காட்டுவேன். நேர் வீதியில் தேரும் சைக்கிளும் ஒரே வேகத்தில் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். வீதி முனை வந்ததும் சைக்கிள் சட்டென்று திரும்பிவிடும். தேரைத் திருப்ப முட்டுக்கட்டை போட்டு, வடத்தை மாற்றி, அரை மணி நேரம் ஆகும். முனைக்கு முனை திரும்பவைத்தால் பொழுது சாய்வதற்குள் சைக்கிள் எங்கேயோ போயிருக்கும், தேர் இங்கேயே நிற்கும். நீளமான டிஎன்ஏதான் தேர். ஈஸ்ட்டின் குரோமோசோம்களைப் பிரிக்க அவர்கள் கண்டுபிடித்த இந்த வழிதான் அடுத்த இருபத்தைந்து வருடம் ஆஸ்பத்திரிக் கிருமிகளைத் துரத்தியது. பல்ஸ்டு ஃபீல்டு ஜெல் எலக்ட்ரோஃபோரிசிஸ். நாங்கள் சுருக்கமாகப் பல்ஸ்டு ஃபீல்டு என்போம்.

செய்வதற்குப் பொறுமை வேண்டும். டிஎன்ஏவைத் தனியாக எடுத்துப் பிப்பெட்டில் உறிஞ்சினாலே அறுந்துவிடும். அதனால் கிருமியை உயிரோடு உருகிய அகரோஸில் கலந்து சின்னச் சின்னக் கட்டியாக உறையவைக்க வேண்டும். நோன்பு நாட்களில் செய்யும் கடல்பாசித் துண்டு மாதிரியே இருக்கும், இரண்டுக்கும் மூலம் கடற்பாசிதானே. அந்தக் கட்டிக்குள்ளேயே கிருமியின் சுவரைக் கரைத்து, புரதத்தைக் கரைத்து, கழுவி, மறுபடி கழுவி, பிறகு அந்தக் கட்டிக்குள்ளேயே நொதியால் வெட்ட வேண்டும். பிறகு ஜெல்லில் ஏற்றி ஒரு இரவும் பகலின் பாதியும் ஓடவிட வேண்டும். மொத்தத்தில் நாலைந்து நாள். எங்கள் ஊரில் கரண்ட் கட் இருந்த வருடங்களில் ஜெல் ஓடுகிற இரவு யாராவது ஒருவர் ஆய்வகத்திலேயே படுப்போம். ஜெனரேட்டர் எடுக்கவில்லை என்றால் நாலு நாள் வேலை போச்சு. காலையில் சாயம் ஏற்றி, புற ஊதா விளக்கின் மேல் வைத்தால் இருட்டில் ஆரஞ்சு நிறத்தில் பட்டைகள் எழும். அதைப் பார்க்கிற முதல் நிமிடம் அலுத்ததே இல்லை.

அப்படி ஒரு காலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். பச்சிளம் குழந்தைகள் வார்டில் பத்து நாளுக்குள் நாலு குழந்தைகளுக்கு எம்.ஆர்.எஸ்.ஏ. மெதிசிலினுக்குச் சாகாத ஸ்டஃபைலோகாக்கஸ். ஊழியர் எல்லோருக்கும் மூக்கில் ஸ்வாப் எடுத்தார்கள். ஒரே ஒருவருக்குத்தான் பாசிட்டிவ். குழந்தைகளைக் குளிப்பாட்டித் துணி மாற்றும் ஆயாம்மா. அன்று சாயங்காலமே "நாளைலேர்ந்து வர வேணாம், சொல்லி அனுப்பறோம்" என்று சொல்லிவிட்டார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர், தினக்கூலி. வார்டில் அவர் பெயரே மாறிப்போனது, "அந்தம்மாதான்" என்று. பெண் மருத்துவர் ஒருவர் மட்டும் மூக்கிலே இருந்தா ஆச்சா, அதே கிருமிதானான்னு பாருங்க என்று பிடிவாதமாகச் சொல்லி நாலு குழந்தைகளின் கிருமி, ஆயாம்மாவின் கிருமி, வார்டுச் சாமான்களைத் துடைத்து எடுத்ததில் வளர்ந்த கிருமி என்று எல்லாவற்றையும் அனுப்பினார்.

ஐந்தாம் நாள் காலை ஜெல்லைப் பார்த்தோம். குழந்தைகளின் நாலு வரிசையும் அச்செடுத்த மாதிரி ஒன்று. ஆயாம்மாவின் வரிசை வேறு. கொஞ்சம் வேறு என்றுகூடச் சொல்ல முடியாது, பட்டைகளில் பாதி எங்கேயோ இருந்தன. கடைசி வரிசை குழந்தைகளோடு அச்சு அசலாகப் பொருந்தியது. அது எடை பார்க்கும் தராசின் மேல் விரித்திருந்த ரெக்ஸினிலிருந்து எடுத்தது. தினமும் எல்லாக் குழந்தையையும் அதன்மேல்தான் படுக்கவைத்தார்கள். ரெக்ஸினை எரித்தார்கள். புதுக் கேஸ் வரவில்லை. ஆயாம்மாவைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள், ஆனால் குழந்தைகள் வார்டில் போடவில்லை. ஜெல் படத்தை யாரும் அவருக்குக் காட்டியதாகவும் தெரியவில்லை.

மனிதர்களின் டிஎன்ஏ ரேகையிலும் கதை இப்படித்தான் ஆரம்பித்தது. அதே 1984-இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் அலெக் ஜெஃப்ரிஸ் அதைக் கண்டுபிடித்தார். கொலை வழக்கில் அது முதன்முதலாகப் பயன்பட்டபோது செய்த காரியம், குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த 17 வயதுப் பையன் ஒருவனை நிரபராதி என்று காட்டியதுதான். உண்மையான குற்றவாளி அதற்குப் பிறகுதான் அகப்பட்டான். பாக்டீரியா வகைபிரிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் 'துப்பறிதல்' என்றே எழுதுகிறார்கள். என் அனுபவத்தில் விடுவித்ததுதான் அதிகம். வார்டில் பரவுகிறது என்று பயந்த தடவைகளில் பாதிக்கு மேல் பட்டைகள் ஆளுக்கொரு பக்கம் நின்றன.

ஒரு பட்டை மட்டும் மாறியிருந்தால் என்ன சொல்வது? இதுதான் அடுத்த சண்டை. 1995-இல் ஃப்ரெட் டெனோவரும் சகாக்களும் ஒரு வழிகாட்டி எழுதினார்கள். ஒரு இடத்தில் மரபணு மாறினாலே மூன்று பட்டை வரை மாறலாம். ஆகவே மூன்று வரை நெருங்கிய சொந்தம், நான்கிலிருந்து ஆறு வரை தூரத்துச் சொந்தமாக இருக்கலாம், ஏழும் அதற்கு மேலும் அந்நியம். உலகம் முழுக்க ஆய்வகச் சுவர்களில் அந்த அட்டவணை ஒட்டப்பட்டது. அமெரிக்காவில் 1996-இல் உணவு நச்சுக் கிருமிகளுக்காகத் தொடங்கிய பல்ஸ்நெட் வலையமைப்பும் இதே ஜெல்லை நம்பித்தான் இருந்தது. ஆனால் இது கண்ணால் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு. எங்கள் ஜெல் கொஞ்சம் சூடாக ஓடியிருந்தால் பட்டை தள்ளி நிற்கும். வேறு ஊர்ப் படத்தோடு ஒப்பிடுவது இரண்டு பேர் வரைந்த ஒரே கோலத்தை ஒப்பிடுவது மாதிரி.

அதற்குப் பதிலாக 1998-இல் மார்ட்டின் மெய்டன், பிரையன் ஸ்ப்ராட் குழுவினர் படத்தை விட்டுவிட்டு எழுத்துக்கு வந்தார்கள். ஏழு மரபணுக்களில் சிறு பகுதியை மட்டும் படிப்பது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு எண் கொடுப்பது. கடைசியில் கிருமிக்கு எஸ்.டி. 239, எஸ்.டி. 258 என்று கார் நம்பர் மாதிரி ஒன்று கிடைக்கும். லண்டனில் படித்தாலும் வேலூரில் படித்தாலும் அதே எண். கண்டத்துக்குக் கண்டம் கிருமிக் குடும்பங்கள் பயணம் போனதை இது அருமையாகக் காட்டியது. வார்டுக்கு உதவவில்லை. ஒரு ஊரில் கிடைக்கும் எம்.ஆர்.எஸ்.ஏ.வில் பெரும்பகுதி ஒரே எஸ்.டி.யாக இருந்தால், "ஒண்ணுதானா?" என்ற கேள்விக்கு ஆமாம் என்ற பதிலில் அர்த்தமே இல்லை. எல்லோரும் முருகன்தான்.

இந்த இடத்தில் எனக்கு உ.வே.சா. ஞாபகத்துக்கு வருவார். ஊர் ஊராகப் போய் ஏடு சேர்த்தவர். ஏடு பெயர்த்து எழுதுகிறவன் கை தவறுவான். அவன் ஏட்டைப் பார்த்து எழுதுகிறவன் அந்தத் தவற்றையும் எழுதி, தன் பங்குக்கு ஒன்றைச் சேர்ப்பான். ஆகவே பாடபேதங்களை வரிசைப்படுத்தினால் எந்த ஏடு எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று சொல்லிவிடலாம். பாக்டீரியாவும் பிரதி எடுக்கும் எழுத்தர்தான். ஸ்டஃபைலோகாக்கஸின் மரபுத்தொகுதி சுமார் 28 லட்சம் எழுத்து. அதில் சில வாரங்களுக்கு ஒருமுறை ஒரு எழுத்து மாறித் தங்கிவிடுகிறது. ஏடு முழுவதையும் படித்தால்தான் இது தெரியும். பட்டை எண்ணுவதும் ஏழு மரபணு படிப்பதும் அட்டையையும் ஏழு பாட்டையும் மட்டும் பார்த்து ஏட்டின் வம்சத்தைச் சொல்வது போல.

முழு ஏட்டையும் படிக்கும் செலவு 2010 வாக்கில் தாங்கும்படி ஆனது. அந்த வருடம் 'சயின்ஸ்' இதழில் வந்த ஒரு கட்டுரை, எஸ்.டி. 239 என்ற ஒரே எண்ணுக்குள் அடங்கும் 63 கிருமிகளின் முழு மரபுத்தொகுதியையும் படித்தது. 43 கிருமிகள் உலகின் பல பகுதிகளிலிருந்து. மீதி 20 தாய்லாந்தின் ஒரே மருத்துவமனையில் ஏழு மாதத்துக்குள் எடுத்தவை. பழைய முறையில் எல்லாம் ஒன்று. புது முறையில் அந்த ஒரே மருத்துவமனைக்குள்ளேயே கிளைகள் பிரிந்தன. பக்கத்துப் பக்கத்து வார்டுகளில் அடுத்தடுத்து வந்தவை மட்டும் ஒட்டி நின்றன.

மறு வருடம் கேம்பிரிட்ஜில் பச்சிளம் குழந்தைகளின் சிறப்புப் பிரிவு ஒன்றில் எம்.ஆர்.எஸ்.ஏ. வந்தது. ஆறு மாதத்தில் பன்னிரண்டு குழந்தைகள், ஒன்றுக்கொன்று சம்பந்தம் உண்டா என்று உறுதியில்லை. முழுத்தொகுதியைப் படித்தபோது குழந்தைகளைத் தாண்டி அம்மாக்களுக்கும், ஊருக்குள்ளும் போயிருந்தது தெரிந்தது, மொத்தம் 26 பேர். கடைசிக் குழந்தை வீட்டுக்குப் போய், பிரிவு முழுவதையும் கழுவி, 64 நாள் கழித்து அதே கிருமி மறுபடி வந்தது. கட்டிலில் இல்லை, தரையில் இல்லை என்றால் ஆளிடம்தான். 154 ஊழியர்களைப் பரிசோதித்ததில் ஒருவரிடம் அதே கிளை. அவருக்குச் சிகிச்சை கொடுத்துக் கிருமியை நீக்கினார்கள். கட்டுரையில் அவர் யார், என்ன வேலை என்ற விவரம் எதுவும் இல்லை. படித்தபோது எனக்கு எங்கள் ஆயாம்மாதான் நினைவுக்கு வந்தார். அதே மூக்கு, அதே ஸ்வாப், எதிர்ப்பதமான பதில்.

ஆனால் இந்தத் துறையில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் கதை பெதஸ்டாவினுடையது. அமெரிக்க அரசின் தேசியச் சுகாதார ஆய்வு நிறுவனம் அங்கே நடத்தும் மருத்துவமனை. 2011 ஜூன் 13 அன்று நியூயார்க் நகர மருத்துவமனை ஒன்றிலிருந்து 43 வயதுப் பெண் ஒருவரை அங்கே மாற்றினார்கள். உடம்பில் கார்பபெனெம் மருந்துக்கும் சாகாத கிளெப்சியெல்லா நியூமோனியே இருப்பது முதல் நாளே தெரியும். ஆகவே தனியறை, கையுறை, மேலங்கி, எல்லாக் கட்டுப்பாடும். ஜூலை 15 அன்று அவர் நல்லபடியாக வீடு திரும்பினார். யாருக்கும் பரவவில்லை. அப்படித்தான் நினைத்தார்கள்.

மூன்று வாரம் கழித்து, ஆகஸ்ட் 5 அன்று, இன்னொருவருக்கு அதே இனம். அவர் அந்தப் பெண்ணோடு ஒரே அறையிலோ ஒரே நேரத்திலோ இருந்ததாகத் தெரியவில்லை. பிறகு கிட்டத்தட்ட வாரத்துக்கு ஒருவர். வெளியிலிருந்து தனியாக வந்ததா, ஜூன் மாதத்துக் கிருமியேதானா? பழைய முறைகள் இங்கே கையை விரித்தன. அமெரிக்காவில் இந்த மாதிரிக் கிளெப்சியெல்லாவில் பெரும்பகுதி எஸ்.டி. 258 என்ற ஒரே குடும்பம். ஜூலி செக்ரே, எவன் ஸ்னிட்கின், தாரா பால்மோர் ஆகியோர் ஒவ்வொரு நோயாளியின் கிருமியையும் முழுக்கப் படித்தார்கள். ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துகளில் எல்லோருக்குமிடையில் இருந்த மொத்த வித்தியாசம் சில டஜன் எழுத்துகள்தான். அந்தச் சில டஜன் போதும். முதல் பெண்ணின் உடம்பிலேயே தொண்டையில் இருந்ததும் மற்ற இடங்களில் இருந்ததும் சில எழுத்து மாறியிருந்தன. அதை வைத்துப் பார்த்தால் அவரிடமிருந்தே மூன்று தடவை, தனித்தனியாக, கிருமி வெளியேறியிருக்கிறது.

நடுவில் அந்த மூன்று வாரம்? கிருமி காணாமல் போகவில்லை. தெரியாத நோயாளிகளின் குடலில், அறிகுறி எதுவும் காட்டாமல், உட்கார்ந்திருந்தது. கண்டுபிடிக்கப்பட்ட வரிசை வேறு, பரவிய வரிசை வேறு என்று எழுத்துகள் சொல்லின. அதற்குப் பிறகு மருத்துவமனை செய்தவை கொஞ்சநஞ்சமில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்காகச் சுவர் எழுப்பித் தனி ஐசியூ. ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஆவி. குழாய்களைப் பிடுங்கினார்கள். ஊழியர்கள் கை கழுவுகிறார்களா என்று பார்க்க மட்டுமே ஆள் போட்டார்கள். ப்ளீச் போட்டுச் சுத்தம் செய்த வென்டிலேட்டர் ஒன்றிலும் சிங்க் வடிகாலிலும் அதே கிருமி இருந்தது. கடைசி மருந்தாகக் கொடுக்கும் கொலிஸ்டினுக்கும் சிலரிடம் எதிர்ப்பு உருவானது. அந்த வருடக் கடைசிக்குள் 18 பேர். 11 பேர் இறந்தார்கள், அதில் 6 மரணம் இந்தத் தொற்றால் என்று கணக்கிட்டார்கள். முதலில் வந்த பெண் பிழைத்தார்.

வெளியுலகத்துக்கு இது தெரிந்தது 2012 ஆகஸ்டில், ஆய்விதழில் கட்டுரை வந்தபோதுதான். ஏன் முன்பே சொல்லவில்லை என்று பத்திரிகைகள் கேட்டன. நியாயமான கேள்வி. ஆனால் அவர்கள் கட்டில் கட்டிலாக, தேதி தேதியாக எழுதியதால்தான் நாம் இன்று இதைப் படிக்கிறோம். சொல்லாமலே விட்ட மருத்துவமனைகளில் என்ன நடந்தது என்று படிக்க எதுவுமில்லை. இந்த விஷயத்தில் என் மனம் இரண்டு பக்கமும் சாய்கிறது.

பெதஸ்டாவுக்கு ஒரு வருடம் முன்பு, நமக்கு ரொம்ப அருகில், இந்தக் கேள்வியையே புரட்டிப் போட்ட ஒன்று நடந்திருந்தது. 2010 ஆகஸ்டில் 'லான்செட்' குழும இதழில் வந்த கட்டுரை அது. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் ஆய்வு செய்த கார்த்திகேயன் குமாரசாமி. கார்பபெனெமை உடைக்கும் என்.டி.எம்-1 என்ற மரபணு கொண்ட கிருமிகளைச் சென்னையிலிருந்து 44, ஹரியானாவிலிருந்து 26, பிரிட்டனிலிருந்து 37, இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் மற்ற ஊர்களிலிருந்து 73 என்று சேர்த்திருந்தார்கள். என்.டி. என்றால் நியூ டெல்லி. டெல்லி போய்வந்த ஸ்வீடன் நாட்டு நோயாளி ஒருவரிடம் முதலில் கண்டதால் வைத்த பெயர். நம் நாட்டில் பெயரைப் பற்றியே நாடாளுமன்றம் வரை சண்டை நடந்தது. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கச் சதி என்றார்கள். கட்டுரைக்குள் இருந்த ஜெல்லைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

அந்த ஜெல்தான் முக்கியம். நான் மேலே சொன்ன அதே பல்ஸ்டு ஃபீல்டு. ஹரியானாக் கிருமிகளின் பட்டைகள் ஒன்று போல இருந்தன. ஒரே கிளை கையோடு கையாகப் பரவியிருக்கிறது, நாம் அறிந்த கதை. சென்னைக் கிருமிகளோ ஈ.கோலை, கிளெப்சியெல்லா என்று இனமே வேறு வேறு, பட்டைகளும் ஆளுக்கொரு விதம். எங்கள் பழைய அட்டவணைப்படி இதற்கு ஒரே பதில்தான்: "வேற வேற, பரவல் இல்லை, பயப்படாதீங்க." ஆனால் எல்லாவற்றுக்குள்ளும் அதே மரபணு இருந்தது. அது குரோமோசோமில் இல்லை, பிளாஸ்மிட் என்ற சிறு வளையத்தில். ஒரு பாக்டீரியாவிலிருந்து பக்கத்தில் இருக்கும் இன்னொன்றுக்கு, வேறு இனமாக இருந்தாலும், நேரடியாகக் கைமாறும் வளையம்.

ஏட்டு உவமையிலேயே சொன்னால் இது பாடபேதமில்லை, இடைச்செருகல். ஒரு நூலில் நுழைந்த பாட்டு அடுத்த நூலுக்கும் அதற்கடுத்த நூலுக்கும் தாவுகிறது. ஏட்டின் வம்சத்தை எவ்வளவு நுட்பமாக வரைந்தாலும் பாட்டு போன வழி அதில் தெரியாது. மூன்று வீட்டிலும் திருடியது மூன்று வேறு ஆள்தான். மூன்று பேரிடமும் இருந்தது ஒரே கள்ளச்சாவியின் நகல். "ஒண்ணுதானா?" என்று கேட்டால் இப்போது எங்கள் ஆட்கள் "எது?" என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. கிருமியா, வளையமா, மரபணுவா?

வளையத்தைத் துரத்துவது கடினம். முதலில் வந்த முழுத்தொகுதிக் கருவிகள் டிஎன்ஏவைச் சின்னச் சின்னத் துண்டாகவே படித்தன. பிளாஸ்மிட்டில் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வரும், எந்தத் துண்டு எங்கே ஒட்ட வேண்டும் என்று தெரியாமல் கணினி குழம்பும். ஆயிரக்கணக்கான எழுத்துகளை ஒரே மூச்சில் படிக்கும் கருவிகள் வந்த பிறகுதான் வளையத்தை முழுசாக மூடிப் பார்க்க முடிகிறது. அதில் ஒன்று உள்ளங்கையில் அடங்கும், லேப்டாப்பில் சொருகலாம். பல்ஸ்நெட்டும் 2019-இல் ஜெல்லை விட்டு முழுத்தொகுதிக்கு மாறிவிட்டது. எங்கள் ஆய்வகத்தின் ஜெல் பெட்டியை மூட்டை கட்டி ஸ்டோர் ரூமில் வைத்திருக்கிறார்கள், அறுகோணமாக அடுக்கிய மின்முனைகளோடு.

வளையங்கள் கைமாறுவதற்குத் தோதான இடம் நோயாளியின் குடல் மட்டுமில்லை. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், டெல்லியில் வீதியோரம் தேங்கிய நீர் மாதிரிகள் 171-ஐ எடுத்துப் பார்த்ததில் 51-இல் என்.டி.எம்-1 மரபணு இருந்தது. குழாய்த் தண்ணீர் 50-இல் இரண்டில் இருந்தது. மருத்துவமனைக்குள் அதற்கு இணையான இடம் வாஷ் பேசின். கை கழுவ வைத்த இடம்தான். நோயாளிக்குக் கொடுத்து மிஞ்சிய மருந்து, குடித்த தேநீர், துடைத்த துணியின் அழுக்குத் தண்ணீர் எல்லாம் அதில்தான் போகிறது. வளைந்த குழாய்க்குள் வழுவழுவென்று படியும் பாசிக்குள் எல்லா இனமும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கின்றன. குழாயைத் திறந்தால் சொட்டு தெறித்துப் பக்கத்துக் கட்டிலுக்கு வருகிறது. என்னோடு வேலை பார்த்து இப்போது பொறுப்பில் இருக்கும் பெண்ணிடம் போன மாதம் பேசினேன். ஐசியூவிலிருந்து வரும் ஸ்வாப் தட்டில் நோயாளிகளின் பெயரெழுதிய குப்பிகளோடு இப்போதெல்லாம் வாராவாரம் இன்னும் ஆறு குப்பி வருகிறதாம். பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'பேசின், 4-ஆம் பெட்' என்று எழுதியிருக்கும், வயது என்ற கட்டத்தில் ஒரு கோடு.